மை வற்றும் முன்னே

ஒட்டுசுட்டான்,
ஆவணி மாதம்.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிறுபோக நெல் வெட்டு குறைவின்றி முடிந்ததும், மகள் வீட்டு விறாந்தையில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தத் தொடங்கியிருப்பதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தன. அந்த வகுப்புக்கென்று வாங்கிய பிரின்டரில் எழுத்துகளுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் விழுகின்றன என்றும், அதன் மைக்கூடான காட்ரிஜ்ஜைப் புதிதாக வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று சந்தியிலுள்ள கடைக்காரர் சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். வாங்குவதற்கு முன் இக்கடிதத்தை முழுவதும் வாசித்துவிடு. எங்கள் வாசிகசாலைப் பிரின்டரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்த பிறகு நான் உறுதியாகக் கண்டுகொண்டது ஒன்று உண்டு. காட்ரிஜ் பெரும்பாலும் தேய்ந்து போவதில்லை, காய்ந்துதான் போகிறது. காயவிடாமல் காத்தால் அதே காட்ரிஜ்ஜைப் பலமுறை நிரப்பி அச்சிடலாம்.

உன்னிடம் இருப்பது எச்பி 680 வகைக் காட்ரிஜ் என்று எழுதியிருக்கிறாய். அந்த வகையில் மைத்தொட்டியும், மையைத் தாளில் தெளிக்கும் அச்சுத்தலையும் ஒன்றாகவே இருக்கின்றன. உள்ளே ஒரு பஞ்சு, அதில் ஊறிய மை, அடியில் தலைமயிரின் தடிப்பிலும் குறைவான நுண்துளைகள் வரிசையாக உள்ள ஒரு தகடு. ஒவ்வொரு துளைக்கும் பின்னால் மிகச் சிறிய வெப்பத்தடை ஒன்று இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அது சில மைக்ரோ வினாடிகளுக்குள் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகி, தன்னைத் தொட்டிருக்கும் மையை ஆவிக் குமிழியாக்க, அந்தக் குமிழி தன் முன்னால் உள்ள மையைத் துளியாகத் தாளின் மீது தள்ளிவிடுகிறது. இந்த வித்தை 1977 இல் கனன் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் தற்செயலாகப் புலப்பட்டது என்பார்கள். மை நிரப்பிய சிறிஞ்சின் ஊசியில் உலோகத்தை ஒட்டவைக்கும் சூடான பற்றாசுக்கோல் பட்டதும் ஊசி முனையிலிருந்து மை பீறிட்டு வந்ததாம். இன்று நாம் அந்தக் காட்ரிஜ்ஜைச் சிறிஞ்சினாலேயே நிரப்புகிறோம் என்பதை நினைக்கும்போது எனக்கு அது மிகவும் பிடித்துப்போன செய்தியாகிவிட்டது.

இதிலிருந்துதான் முதல் விதி பிறக்கிறது. அந்த வெப்பத்தடையைக் குளிர்விப்பதும் மைதான். மை இல்லாமல் அச்சிடக் கட்டளை கொடுத்துக்கொண்டே இருந்தால் தடைகள் வெறுமையில் சூடாகிக் கருகிவிடும். அதன் பிறகு எவ்வளவு மை நிரப்பினாலும் அந்தத் துளைகள் திரும்ப வேலை செய்யா. ஆகவே எழுத்து முற்றாக மறையும் வரை காத்திருக்காதே. நிறம் மங்கத் தொடங்கினாலே, அல்லது பக்கத்தின் அடிப்பாகத்தில் மட்டும் கோடு விழத் தொடங்கினாலே, அச்சிடுவதை நிறுத்திவிட்டு நிரப்பு. கடைசித் துளி வரை பயன்படுத்துவது சிக்கனம் என்று நம்மவர்கள் பலர் எண்ணுகிறார்கள். காட்ரிஜ் விடயத்தில் அதைவிடப் பெரிய வீண்செலவு இல்லை.

நிரப்பும் முறையைச் சொல்கிறேன். பாமசியில் புதுச் சிறிஞ்சுகளும் ஊசிகளும் வாங்கிக்கொள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சிறிஞ்ச் வேண்டும். மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, கையுறை போட்டுக்கொள், ஏனென்றால் இந்த மை தோலிலிருந்து இலகுவில் போகாது. காட்ரிஜ்ஜின் மேலே ஒட்டியுள்ள தாளை மெல்ல உரித்தால் சிறு துளைகள் தெரியும். நிறக் காட்ரிஜ்ஜுக்குள் நீலம், செந்நீலம், மஞ்சள் என மூன்று அறைகள் இருக்கின்றன. எந்தத் துளை எந்த அறைக்குப் போகிறது என்பது வகைக்கு வகை மாறும் என்பதால், ஊகிக்காமல் பல்லுக்குத்தும் குச்சியை ஒவ்வொன்றிலும் விட்டு, அதில் ஒட்டி வரும் நிறத்தைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள். ஊசியைப் பஞ்சுக்குள் பாதி ஆழத்துக்கும் சற்று மேலாக இறக்கி, பின்னுக்கு மெல்ல இழுத்தபடியே மையைச் செலுத்து. நாற்றுமேடைக்குத் தண்ணீர் விடுவதுபோல் நிதானமாக விட வேண்டும். வேகமாகத் தள்ளினால் பஞ்சுக்குள் காற்றுப் பைகள் உருவாகி, மை நிறைந்திருந்தும் துளைகளுக்கு வந்து சேராமல் நின்றுவிடும். கறுப்புக்கு ஐந்து, ஆறு மில்லிலீற்றரும் நிறம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மில்லிலீற்றரும் போதும். அதற்கு முன்பே துளை வாயில் மை தெரிந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடு.

அதிகம் நிரப்பினால் அதிகம் அச்சிடலாம் என்று எண்ணக்கூடாது. மை கீழே ஒழுகாமல் இருப்பதே பஞ்சின் உறிஞ்சுவிசையால்தான். பஞ்சு கொள்ளாத அளவுக்கு ஊற்றினால் அது துளைகள் வழியே கசிந்து, மூன்று நிறங்களும் தகட்டின் மேல் ஒன்றோடொன்று கலந்து, மஞ்சள் அச்சிட வேண்டிய இடத்தில் பச்சை வரும். நிரப்பிய பின் மடித்த ரிசு தாளின் (மை உறிஞ்சும் மெல்லிய தாள்) மேல் அச்சுத்தலையை மெதுவாக வை. அழுத்தவோ தேய்க்கவோ வேண்டாம். கறுப்பு ஒரே பட்டையாகவும், நிறங்கள் மூன்றும் தனித்தனிப் பட்டைகளாகவும் தாளில் பதிந்தால் காட்ரிஜ் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். மேலே உள்ள துளைகளைச் செலோரேப்பால் இறுக்கி அடைத்துவிடாதே. மை வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும். அடைத்துவிட்டால் சில பக்கங்கள் நன்றாக வந்து, பிறகு திடீரென்று அச்சு நின்றுபோகும்.

இனி மை பற்றி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைகளில் போத்தலில் கிடைப்பவற்றுள் இரண்டு வகை உண்டு. ஒன்று நீரில் முற்றாகக் கரைந்த சாய மை. மற்றது நுண்ணிய நிறத்துகள்கள் நீரில் மிதக்கும் பிக்மென்ட் மை. உன் காட்ரிஜ்ஜின் கறுப்பு பிக்மென்ட், நிறங்கள் சாயம். ஒன்றுக்குள் மற்றதை ஊற்றினால் துகள்கள் திரண்டு துளைகளை அடைத்துவிடக்கூடும். பிக்மென்ட் கறுப்பு உலர்ந்தபின் ஈரம் பட்டாலும் எளிதில் கரையாது. சாய மையில் அச்சிட்ட தாளோ மாரியில் நனைந்த புத்தகப் பைக்குள் ஒரே நீலக் கறையாகிவிடும். பிள்ளைகளின் வினாத்தாளாக இருந்தால் பரவாயில்லை. காணிப் பத்திரத்தின் பிரதியோ, பிறப்புச் சான்றிதழின் பிரதியோ என்றால் அப்படி விட முடியாது. எரிந்தும் நனைந்தும் தொலைந்தும் போன பத்திரங்களுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த சனங்கள் வாழும் ஊர்கள் நம்முடையவை. அந்தப் பிரதிகளுக்குப் பிக்மென்ட் கறுப்பைத் தவிர வேறெதையும் நான் பயன்படுத்துவதில்லை. போத்தலை வெயில் படாத இடத்தில் வை. நீண்ட நாள் வைத்திருந்த பிக்மென்ட் மையைப் பாவிக்கும் முன் நுரை எழாதவாறு மெல்லச் சாய்த்துக் கலக்கிக்கொள்.

உன் பிரின்டரில் இப்போது விழும் கோடுகளுக்கு வருகிறேன். கோடை விடுமுறையில் அதை நீண்ட நாள் தொடாமல் வைத்திருந்ததாக நீயே எழுதியிருக்கிறாய். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் பக்கத்து வறட்சியையும் செம்மண் புழுதியையும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துளைகளில் மை உலர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முதலில் பிரின்டரில் உள்ள துப்புரவுக் கட்டளையை இரண்டு முறை கொடுத்துப் பார். அதற்கு மேல் கொடுக்காதே, ஏனென்றால் ஒவ்வொரு துப்புரவும் மையை உறிஞ்சி வெளியே கொட்டுகிறது. சரிவராவிட்டால் காட்ரிஜ்ஜைக் கழற்றி, இளஞ்சூடான வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) நனைத்த ரிசு தாளின் மேல் அச்சுத்தலை கீழ்நோக்கும்படி சில நிமிடங்கள் வைத்துவிட்டு, மெல்ல ஒற்றி எடுத்து மீண்டும் பார். செப்புத் தொடுமுனைகளில் ஈரம் இருந்தால் அது முற்றாகக் காய்ந்த பின்னரே உள்ளே போடு. விரலால் அந்த முனைகளையோ தகட்டையோ தொடக்கூடாது.

கிணற்றுத் தண்ணீரை மட்டும் இதற்குப் பயன்படுத்திவிடாதே. நம் கிணற்று நீரின் கடினத்தன்மை கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை நாள்தோறும் பார்க்கிறோம். அதே சுண்ணாம்பு அந்த நுண்துளைகளில் படிந்தால் எந்தத் துப்புரவும் அதை எடுக்காது. வாகனப் பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் எந்தப் பெற்றோல் நிலையத்தின் பக்கத்துக் கடையிலும் கிடைக்கும். அசிட் கலந்த போத்தல் அருகிலேயே இருக்கும் என்பதால் பெயரை வாசித்து வாங்கு.

மின்வெட்டு பற்றியும் சொல்ல வேண்டும். பிரின்டரை அதன் சொந்தப் பொத்தானை அமர்த்தி நிறுத்தும்போது, அச்சுத்தலை வலது மூலைக்குப் போய், அங்குள்ள இறப்பர் மூடியின் மேல் அமர்ந்துகொள்கிறது. அந்த மூடிதான் மையை உலரவிடாமல் காக்கிறது. சுவரிலுள்ள சுவிச்சை அணைத்தாலோ, அச்சிடும் நடுவே மின்சாரம் போனாலோ தலை நடுவழியில் திறந்தபடி நின்றுவிடும். ஆகவே மின்சாரம் திரும்பியதும் ஒருமுறை இயக்கி, தலை மூலைக்குப் போன பின் பொத்தானால் அணைத்துவை. வகுப்பில் உதவும் பெரிய பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவைக்கும்படி மகளிடம் சொல். அத்துடன் வாரத்துக்கு ஒரு முறையேனும் கறுப்பும் மூன்று நிறங்களும் உள்ள ஒரு சிறு பக்கத்தை அச்சிட்டால், துளைகளில் மை ஓடிக்கொண்டே இருக்கும்.

நிரப்பிய பின்னும் மை தீர்ந்துவிட்டது என்று திரையில் செய்தி வரும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். பிரின்டர் மையை அளந்து பார்ப்பதில்லை. எத்தனை துளி விட்டது என்பதைக் கணக்கு வைத்தே அப்படிச் சொல்கிறது. உன்னுடையதில் சரி என்று அழுத்தித் தொடரலாம். வாசிகசாலையில் உள்ள கனன் பிரின்டரில் 1688 என்ற எண் தோன்றினால், நிறுத்தும் பொத்தானை ஐந்து வினாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கணக்கை விட்டுவிடும். அதன்பின் மையைக் கவனிப்பது நம் பொறுப்பு.

இவ்வளவு பாடு எதற்கு என்று நீ கேட்கக்கூடும். 680 கறுப்புக் காட்ரிஜ் ஏறக்குறைய 480 பக்கங்களும் நிறக் காட்ரிஜ் 150 பக்கங்களும் தரும் என்று அதைச் செய்த நிறுவனமே கணக்கிட்டுச் சொல்கிறது. முப்பது பிள்ளைகளுக்கு வாரந்தோறும் நான்கு பக்க வினாத்தாள் கொடுத்தால், கறுப்பு ஒரு மாதமேனும் தாங்குமா என்று நீயே பெருக்கிப் பார். பிரின்டரை மலிவாக விற்று மையில் பணம் பார்ப்பது இந்த வணிகத்தின் வழக்கம். நிரப்புவது தவறு என்று சிலர் பயமுறுத்துவார்கள். விற்ற காட்ரிஜ்ஜின் மீது தன் கண்டுபிடிப்புக் காப்புரிமையைக் காட்டி அதை மீள நிரப்பி விற்பதைத் தடுக்க முடியாது என்று, லெக்ஸ்மார்க் நிறுவனம் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 இல் தீர்ப்பளித்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையது என்பதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

2022 ஐயும் நினைத்துப் பார். கடதாசியும் மையும் இல்லாமல் மேல் மாகாணத்திலேயே பாடசாலைப் பரீட்சைகள் பிற்போடப்பட்ட ஆண்டு அது. கொழும்புக்கே அந்த நிலை என்றால் நம் ஊர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? நீயும் நானும் ஸ்டென்சில் வெட்டி, பிரதியெடுக்கும் றோனியோப் பொறியைக் கையால் சுழற்றிப் பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்தவர்கள். அப்போது நமக்கு அந்தப் பொறியின் ஒவ்வொரு உறுப்பும் தெரிந்திருந்தது. அந்தத் தெரிதலை இந்தப் பிரின்டருக்கும் உன் மகள் பெற வேண்டும் என்பதே என் விருப்பம்.

எல்லாக் காட்ரிஜ்ஜும் என்றென்றும் உழைக்கும் என்று நான் சொல்லவில்லை. நிரப்பிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தடைகள் கருகி, ரிசு தாளில் பட்டை நன்றாகப் பதிந்தும் அச்சில் மாறாத ஒரு கோடு எப்போதும் விழும். அப்போது புதிது வாங்கு. வாங்கியதை முதல் மங்கலிலேயே நிரப்பு. வகுப்பு பெருகுமானால், எப்சனின் தொட்டி வகைப் பிரின்டரை யோசிக்கலாம். அதில் மையை நேராகத் தொட்டிக்குள் ஊற்றலாம். ஆனால் அதன் அச்சுத்தலை பிரின்டரோடு நிலையாக இருப்பதால், காயவிட்டால் செலவு மிகப் பெரிது. வாரம் ஒரு பக்கம் என்ற விதி அதற்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

வருகிற வெள்ளிக்கிழமை வங்கி அலுவலாக மாங்குளம் வருவதாக எழுதியிருந்தாய். நானும் அங்கு வருகிறேன். என்னிடம் திறக்காத பிக்மென்ட் கறுப்புப் போத்தல் ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன். நீ காட்ரிஜ் இரண்டையும் எடுத்து வா. அச்சுத்தலையில் எதுவும் உரசாதபடி, சற்றே ஈரமான ரிசு துண்டு ஒன்றோடு சிறு டப்பாவில் வைத்து மூடி, தலை மேல்நோக்க நிமிர்த்திப் பிடித்துக்கொள். பஸ்ஸில் என்ஜின் பக்கத்துச் சூட்டில் வைத்துவிடாதே. அங்குள்ள தேநீர்க் கடை மேசையிலேயே ரிசு தாளில் ஒற்றிப் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று சொல்லிவிடுவேன்.

என்றும் உன் நண்பன்.