நொடிக்கு 12 படம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் மனசு ஆறியது. கோவில்பட்டியில் இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது என்கிறாய். இங்கே சென்னையில் எங்கள் தெருவில் தண்ணீர் வடியவே இரண்டு நாளாயிற்று. நான் சுகம். ரிட்டயரான பிறகும் பிள்ளைகளுக்கு டிராயிங் வகுப்பு எடுக்கப் போய்க்கொண்டிருக்கிறேன்.

சரி, உன் மகள் கயல் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டுத் தனியாக அனிமேஷன் படம் பண்ணப்போகிறேன் என்கிறாளாம். "இதெல்லாம் ஒரு ஆள் செய்கிற காரியமா?" என்று கேட்டிருக்கிறாய். ஒரு ஆள் செய்கிற காரியம்தான். நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற அனிமேஷன் படங்களில் பாதிக்கு மேல், ஒருவரோ இருவரோ ஓர் அறைக்குள் உட்கார்ந்து செய்தவை. அவள் கையைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. படம் முடிகிற வரைக்கும் அவள் சோற்றுக்கும் வாடகைக்கும் யார் கொடுப்பார்கள் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

கணக்கைப் பார். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படம், ஓடுகிறது. வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் போதும். அப்படியும் 10 நிமிடப் படத்துக்கு 7,200 வருகிறது. தினம் 20 வரைந்தால் லீவே இல்லாமல் ஒரு வருஷம். நான் வேலை பார்த்த இடத்தில் இதை முப்பது பேர் பங்கு போட்டுக்கொண்டோம். வெளிநாட்டுத் தொடருக்குக் கீ டிராயிங், அதாவது ஓர் அசைவின் முக்கியமான படங்கள், அங்கிருந்து வரும், நடுவில் வரும் படங்களை நாங்கள் லைட் பாக்ஸில், அடியில் விளக்கு எரியும் பலகையில், வைத்துப் போடுவோம். தனி ஆளாகச் செய்கிறவர்களுக்கு அந்த முப்பது பேரும் இல்லை. அதனால் தங்கள் கைக்கு ஏற்ற ஒரு வழியை அவர்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கரோலின் லீஃப் என்று ஒரு அமெரிக்கப் பெண்மணி. கல்லூரியில் படிக்கும்போது, தனக்கு வரைய வராது என்று நினைத்தவர், கீழே விளக்கு எரியும் கண்ணாடியில் மணலைக் கொட்டி விரலால் தள்ளித் தள்ளி உருவம் செய்ய ஆரம்பித்தார். மதினி வாசலில் கோலப்பொடியை விரலிடுக்கில் வழிய விடுவார்களே, அந்தப் பக்குவம் வேண்டும் அதற்கு. ஓர் உருவத்தைப் படம் பிடித்ததும் அதையே கொஞ்சம் நகர்த்தி அடுத்தது. முந்தின படம் போனது போனதுதான். அப்புறம் கனடாவுக்குப் போய், ஒரு ஆந்தை வாத்தைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிற, வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்களின் கதையை மணலிலேயே 1974-ல் எடுத்தார். 1976-ல் வந்த 'தி ஸ்ட்ரீட்' படத்தில் மணலுக்குப் பதில், கண்ணாடி மேல் சாயம். சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்கக் கிளிசரின் கலந்துகொள்வார். மான்ட்ரியலில் ஒரு வீட்டில் பாட்டி சாகக் கிடக்கிறாள், பேரன் அவளுடைய அறை எப்போது தனக்குக் கிடைக்கும் என்று காத்திருக்கிறான். இவ்வளவுதான் கதை. ஒரு முகம் கரைந்து அறையாகும், அறை கரைந்து தெருவாகும். தப்பாகப் போனால் திரும்பிப்போய்த் திருத்த முடியாது என்பதால், அவர் கை ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

லீஃபுக்குச் சம்பளம் கொடுத்தது கனடா அரசின் தேசியத் திரைப்பட வாரியம். 1939-ல் ஆரம்பித்தது. 1941-ல் நார்மன் மெக்லாரன் அங்கே போய்ச் சேர்ந்தார். காமிராவே இல்லாமல் ஃபிலிம் சுருளின் மேல் நேராக வரைந்தும் கீறியும் படம் செய்தவர். வசூல் என்ன என்று கேட்காமல் அப்படிப்பட்ட ஒரு ஆளுக்கு மேஜையும் மாதச் சம்பளமும் கொடுத்தார்கள். நம் ஊர் இஷு படேலும் அங்கே போய்த்தான் 1977-ல் மணிகளை நகர்த்தி நகர்த்தி 'பீட் கேம்' எடுத்தார். அதே கனடாவில் பிரெடெரிக் பாக், அரசுத் தொலைக்காட்சியின் சம்பளத்தில் இருந்துகொண்டு, கலர் பென்சிலால் பல வருஷம் வரைந்து, மரம் நட்ட ஒரு கிழவரைப் பற்றிய அரைமணி நேரப் படத்தை 1987-ல் முடித்தார். ஆஸ்கர் வாங்கியது.

சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு யூரி நார்ஷ்டெய்ன். 1975-ல் மாஸ்கோவில் 'மூடுபனியில் முள்ளெலி' எடுத்தவர். அவர் மனைவி பிரான்செஸ்கா யார்புசோவா உருவங்களை வரைந்து துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பார். மேலே காமிரா, அதற்குக் கீழே இடைவெளி விட்டு அடுக்கடுக்காகக் கண்ணாடிகள், அவற்றின் மேல் அந்தத் துண்டுகள். அதில் மூடுபனி எப்படி வந்தது தெரியுமா? மிக மெல்லிய ஒரு தாளை உருவத்தின் மேல் வைத்து, ஃபிரேம் ஃபிரேமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காமிராவை நோக்கித் தூக்கினார்கள். தாள் விலக விலக உருவம் மங்கிப் பனிக்குள் போய்விடும். வேறு எதுவும் இல்லை! 1981-ல் ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'மேல்கோட்டு' கதையைப் படமாக்கத் தொடங்கினார். வேலை மெதுவாக நடக்கிறது என்று 1980-களின் நடுவில் அவரை ஸ்டுடியோவிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் படம் இன்னும் முடியவில்லை. எடுத்த வரைக்கும் பார்த்திருக்கிறேன். கதையின் நாயகனான அந்த எழுத்தர் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்வதைப் பார்த்தால் நிஜமான மனிதர் குளிரில் நடுங்குவது போலவே இருக்கும். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, முருகேசா.

நம் நாட்டில் அகமதாபாத்தின் என்.ஐ.டி. என்ற டிசைன் கல்லூரியும் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனும் ஏதோ செய்தன. பெரும்பாலும் சொந்தக் காசுதான். கீதாஞ்சலி ராவ் விளம்பர வேலை செய்து சேர்த்து, 'பிரின்டட் ரெயின்போ' படத்தைத் தானே ஃபிரேம் ஃபிரேமாகத் தீட்டினார். தனியாக வாழும் ஒரு பாட்டி தீப்பெட்டி லேபிள்களுக்குள் புகுந்து ஊர் சுற்றுகிற கதை. 2006-ல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் 'விமர்சகர் வாரம்' என்ற பிரிவில் பரிசு பெற்றது. தீப்பெட்டி லேபிளைப் பார்த்தே வளர்ந்த உன் ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய படம் அது.

கயல் அடிக்கடி சொல்கிற 'ஃப்ளோ' படத்தையும் நானும் பார்த்தேன். லாட்வியாவின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் எடுத்தது. வசனமே இல்லை. வெள்ளத்தில் ஒரு பூனை, அவ்வளவுதான். 2025-ல் ஆஸ்கர் வாங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் பிளெண்டர் மென்பொருளில் செய்தார்கள். அதனால் இனிமேல் கம்ப்யூட்டர் ஒன்று போதும் என்கிறாள் அவள். அவளிடம் சொல், அந்தப் படத்துக்குச் செலவு சுமார் 35 லட்சம் யூரோ, அதில் மூன்று நாட்டுப் பொதுப்பணம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், 2019-ல் வந்த 'அவே' படத்தை, இசை உட்பட எல்லாவற்றையும் அவர் தனி ஆளாகவே மூன்றரை வருஷத்தில் முடித்தார். அவள் பார்க்க வேண்டியது அந்த மூன்றரை வருஷத்தை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வேலையை இப்போதே விட வேண்டாம். மூன்று நிமிடக் கதை ஒன்றை எடுக்கட்டும். அவளுக்குக் கரிக்கோல் நன்றாக வருகிறது. தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் அப்படித்தான் செய்கிறார். ஒரு தாளில் கரியால் வரைந்து, படம் பிடித்து, அதையே அழித்துக் கொஞ்சம் மாற்றி, மறுபடி பிடிப்பார். அழித்த தடம் தாளில் தங்கிவிடும், அதுவும் படத்தில் தெரியும், அழகாகவே தெரியும். செல்போனை ஸ்டாண்டில் அசையாமல் கட்டினால் போதும். ஜன்னலை மட்டும் அடைக்கச் சொல். வெயில் ஏறி இறங்கினால் திரையில் வெளிச்சம் துடிக்கும். வார இறுதிகளில் செய்தாலும் ஒரு வருஷத்தில் முடித்துவிடுவாள். அதைப் பார்த்துவிட்டு வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் அவள் விடுகிறேன் என்றால், நீ தடுக்காதே. முதல் ஆறு மாத வீட்டு வாடகையை நான் தருகிறேன், இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வருகிறேன். என் பழைய லைட் பாக்ஸ், தாள் நகராமல் பிடிக்கும் பெக் பார் இரண்டும் சும்மா கிடக்கின்றன, கொண்டு வந்து அவளிடம் கொடுத்துவிடுகிறேன். கதை நோட்டை எடுத்து வைக்கச் சொல். மதினியையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜாமணி