கற்பனை நாடுகளுக்கு ஒரு மேசையும் ஒரு பூட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்லைன் விளையாட்டு பற்றிய செய்தி எதுவானாலும் பக்கத்தில் ஒரு ரம்மிச் சீட்டுப் படத்தைப் போட்டுவிடுவது நம் பத்திரிகைகளின் வழக்கமாகிவிட்டது. பிள்ளை கணினி முன்னால் உட்கார்ந்தாலே வீட்டில் காசு கரைகிறது என்று பெற்றோர் பயப்படுவதில் ஆச்சரியமில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டமே மின்விளையாட்டு, சமூக விளையாட்டு, பண விளையாட்டு என்று பிரித்துத்தான் பேசுகிறது. தடை பணம் கட்டி ஆடுவதற்குத்தான். காசே புழங்காத ஒரு வகை பற்றி இங்கே எழுதுகிறோம். இல்லாத ஓர் உலகத்தை வரைந்து, அதில் ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டு, வரி வாங்கி, ஒப்பந்தம் பேசி, படை நடத்தி, வாரக்கணக்கில் ஆடும் ஆட்டம் அது. கோடை விடுமுறையில் வடசென்னைக் கிளை நூலகங்களில் இதை நடத்தலாம். கணினிகூடத் தேவையில்லை. ஆனால் விதிகளைச் சரியாகக் கட்டாமல் ஆரம்பித்தால் மூன்றாம் நாளே கைகலப்பில் முடியும் என்பதால், கொஞ்சம் விவரமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், உலகம் ஏன் கற்பனையாக இருக்க வேண்டும்? 1959இல் அமெரிக்கரான ஆலன் கலாமர் வெளியிட்ட ‘டிப்ளமசி’ இந்த வகை ஆட்டங்களுக்குப் பாட்டன் முறை. பகடை கிடையாது. ஏழு வல்லரசுகள், 34 ஆதார மையங்கள். 18 பிடித்தவர் வென்றவர். எல்லோரும் கட்டளையை ரகசியமாக எழுதி ஒரே நேரத்தில் திறக்கும் முறையை நாமும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வரைபடம் மட்டும் வேண்டாம். அது முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா. நம் பிள்ளைகளுக்கு ஒட்டாது. ஆசிய வரைபடத்தை விரித்தாலோ அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ளும். பாகிஸ்தான் யாருக்கு, இலங்கை யாருக்கு என்று சீட்டுக் குலுக்கும்போதே முகங்கள் மாறிவிடும். கற்பனை நிலத்தில் அந்த வம்பில்லை. அங்கும் ஒரு நிபந்தனை: நாட்டின் பெயரில் சாதி, மதம், கட்சி, நடிகர் எதுவும் வரக்கூடாது. (நம்மூரில் நான்காவதைத் தடுப்பதுதான் கஷ்டம்.) கொடிக்கு ஒரே நிறம் போதும்; இரண்டு நிறம் சேர்ந்தால் அது ஏதோ ஒரு கட்சிக் கொடியாகிவிடும்.

ஆறு நாடு, நாட்டுக்கு மூன்று பேர் என்று 18 பேர், நடுவர் இருவர். மூவரில் ஒருவர் கணக்கு, ஒருவர் தூது, ஒருவர் படை. காசிமேடு ஒரு நாடு, கொருக்குப்பேட்டை ஒரு நாடு என்று ஏரியா வாரியாகப் பிரிப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. மைதானத்தில் ஏற்கெனவே இருக்கும் உரசல் வரைபடத்தில் ஏறிக்கொள்ளும், ஆட்டத்தில் கழட்டிவிட்டால் தெருவில் கேள்வி வரும். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு தெருவாக இருந்தால் இது பாதிக்குமேல் அடங்கிவிடும்.

வரைபடத்துக்கு ஒரு முழு சார்ட் பேப்பர், அதாவது 56க்கு 71 செ.மீ., போதும். பக்கம் 3 செ.மீ. உள்ள அறுகோணக் கட்டங்களாகப் பிரித்தால் 15 நெடுவரிசை, வரிசைக்கு 10 என 150 கட்டம் வரும். சதுரக் கட்டம் வேண்டாம்: மூலைவாட்டில் நகர்ந்தால் அதே ஒரு நகர்வில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரம் போய்விடுகிறது, மூலையில் தொட்டால் அது எல்லையா என்ற தகராறும் தீராது. அட்டையில் ஓர் அறுகோணத்தை வெட்டி வைத்துக்கொண்டு ஒன்றையொட்டி ஒன்றாக வரைந்துபோனால், பென்சில் முனையின் தடிமன் சேர்ந்து சேர்ந்து பத்தாவது கட்டத்தில் அரை செ.மீ. தள்ளிப்போகும். அதனால் முதலில் குறுக்கே 4.5 செ.மீ.க்கு ஒன்று, நெடுக்கே 5.2 செ.மீ.க்கு ஒன்று என்று மையப்புள்ளிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரட்டைப்படை நெடுவரிசைகளை மட்டும் 2.6 செ.மீ. கீழே இறக்க வேண்டும். புள்ளிகள் சரியாக விழுந்தால் கோடு தானாக வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு இலக்க எண்: 0704 என்றால் ஏழாம் நெடுவரிசை, நான்காம் கட்டம். 90 கட்டம் நிலம், 60 கட்டம் கடல் என்று வைத்தால் ஆறு நாடுகளுக்குச் சரியாக இருக்கும்.

இதை விரிக்க ஆகச் சிறந்த இடம் பழைய கேரம் போர்டு. ஆடுதளம் சுமார் 74 செ.மீ. சதுரம் என்பதால் சார்ட் உள்ளே சரியாக உட்காரும். சுற்றியுள்ள மரச்சட்டம் காய்களைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். போரிக் பவுடரை மட்டும் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் யாராவது முழங்கையை ஊன்றியதும் சார்ட் வழுக்கி ஒரு படையே பக்கத்து நாட்டில் போய் நிற்கும். காய்களுக்குச் சட்டைப் பட்டன் போதும், நிறத்துக்கு இருபது.

நிலத்தை ஐந்திணையாகப் பிரிப்பது அலங்காரத்துக்கு அல்ல, கணக்குக்கு. ஒரு சுற்றுக்கு மருதம் 3 மூட்டை நெல், முல்லையும் நெய்தலும் 2, குறிஞ்சி 1, பாலைக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாடும் ஐந்து திணைக்கும் ஒரு கட்டம் வீதம் ஐந்து கட்டத்தோடு தொடங்கினால் வருமானம் எல்லோருக்கும் 8 மூட்டைதான், வடிவம் மட்டும் வேறு. மூன்று படைக்குத் தீனி தலா 1 மூட்டை போக 5 மிஞ்சும். புதுப் படை ஒன்றுக்கு 6 மூட்டை என்று வைத்தால் முதல் சுற்றிலேயே யாரும் படை சேர்க்க முடியாது. அந்த ஒரு சுற்று பேச்சுவார்த்தைக்குக் கிடைக்கும். குறிஞ்சியைப் பறிகொடுத்த நாடு இரும்பை விலைக்கு வாங்கித்தான் படை கட்ட வேண்டும் என்ற விதியும் அவசியம். அது இல்லையென்றால் மலையைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள், தூதருக்கு வேலையே இருக்காது. வரைந்தவர்களுக்கு எந்த நாடு கிடைக்கும் என்று தெரியக்கூடாது. வரைந்து முடித்த பிறகுதான் சீட்டுக் குலுக்கல்.

கட்டளைச் சீட்டில் ஒரு படைக்கு ஒரே வரி. புறத்திணைப் பெயர்களே கட்டளைப் பெயர்கள்: படையெடுத்தால் வஞ்சி, இருக்கும் இடத்தைக் காத்தால் நொச்சி. இன்னொரு படைக்குக் கைகொடுத்தால் ‘துணை’. மாலை ஐந்து மணிக்குப் பெட்டி மூடப்படும். சீட்டு வராத படை நொச்சியாகவே கொள்ளப்படும். ‘0804 அல்லது 0803’ என்று இரண்டு இடம் எழுதிய சீட்டு செல்லாது. பெட்டிக்கு மூடி வேண்டும், மே மாத மின்விசிறிக் காற்றில் ராஜரகசியம் பறந்துவிடும்.

ஒரே ஒரு மோதலைப் பார்த்தாலே முறை விளங்கும். உப்பளம் நாட்டுப் படை 0704இலிருந்து 0804க்கு வஞ்சி. வேங்கைமேட்டுப் படையும் 0904இலிருந்து அதே 0804க்கு வஞ்சி. 0803இல் நிற்கும் நீர்த்துறைப் படை உப்பளத்துக்குத் துணை என்று எழுதியிருக்கிறது. இரண்டுக்கு ஒன்று, 0804 உப்பளத்துக்கு. ஆனால் நான்காவது சீட்டைப் பிரித்தால் தென்பாறைப் படை 0703இலிருந்து 0803 மீது பாய்கிறது. தாக்கப்பட்ட படை துணை கொடுக்க முடியாது. அந்தத் தாக்குதல் தோற்றாலும் துணை அறுந்தது அறுந்ததுதான். இப்போது ஒன்றுக்கு ஒன்று. சமபலம் என்றால் யாரும் உள்ளே போக முடியாது, எல்லோரும் இருந்த இடத்திலேயே. தென்பாறைக்கு ஒரு கட்டமும் கிடைக்கவில்லை. ஆனால் அன்றைய மாலையை முடிவு செய்தது அந்த நாடுதான். வேங்கைமேடு அதற்கு என்ன கொடுத்தது என்பதுதான் மற்ற நாலு நாட்டு மேசைகளிலும் அப்புறம் பேச்சு. ஆட்டத்தின் ருசியே இதில்தான். பகடை இருந்திருந்தால் பழியை அதன்மேல் போட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள்.

இரண்டு எதிரிப் படைகள் நேருக்கு நேர் இடம் மாற்றிக்கொள்ள முயன்றால் இரண்டும் எல்லையில் முட்டி நிற்கும். மூன்று படைகள் வட்டமாக மாறினால் தடையில்லை. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நடுவர்கள் தீர்க்கும் வரிசையும் முக்கியம்: நகர்வு, மோதல், பின்வாங்கல், அதன்பிறகே வருமானம், கடைசியில் புதுப்படை. வருமானத்தை முன்னால் போட்டால், சற்றுமுன் இழந்த மருதத்தின் நெல்லை வைத்தே தோற்றவர் படை கட்டிவிடுவார். இதில் தடுமாறிய நடுவரை அடுத்த சுற்றில் யாரும் மதிப்பதில்லை. ஒருவர் சீட்டைப் படிக்க, இன்னொருவர் பட்டனை நகர்த்தினால் ஆறு நாட்டுச் சீட்டுகளும் அரைமணியில் முடியும்.

நாலைந்து சுற்றில் தலைதூக்கும் நோய் ஒன்று உண்டு: கொழுத்தவன் மேலும் கொழுப்பான். இதற்கு நிர்வாகச் செலவு வைக்கலாம். அளவு தப்பினால் மருந்தே விஷம். கட்டத்துக்கு 2 மூட்டை வருமானம் என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் கட்டத்துக்கு 16. எட்டுக்கு மேல் ஒவ்வொரு கட்டத்துக்கும் 1, 2, 3, 4 என்று செலவு ஏறிக்கொண்டே போனால், 12 கட்டக்காரருக்கு 24இல் 10 போக 14தான். எட்டோடு நின்றவரைவிடக் குறைவு. விளைவு, எல்லோரும் எட்டுக் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கொட்டாவி விடுவார்கள். எட்டுக்கு மேல் கட்டத்துக்கு ஒரே சீராக 1 மூட்டை என்றால் 20 நிற்கும். வளர்ச்சிக்குப் பலன் உண்டு, ஆனால் ஓட்டம் மட்டுப்படும். களஞ்சியத்திலிருந்து மூன்று கட்டத்துக்கு மேல் போன படைக்குத் தீனி இரட்டிப்பு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசிச் சுற்று எது என்று முன்கூட்டியே தெரியக்கூடாது. 12ஆவது சுற்றோடு முடிவு என்று அறிவித்தால், நாளை பதிலடி வராது என்று தெரிந்து அன்று எல்லோரும் எல்லோருக்கும் அல்வா கொடுப்பார்கள். அதை எதிர்பார்த்து 11ஆவதிலேயே தொடங்குவார்கள். 11ஆவது சுற்றிலிருந்து தினமும் ஒரு சீட்டு எடுத்து முடிவா, தொடர்ச்சியா என்று பார்ப்பதுதான் வழி. நாடிழந்த குழுவை வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஒரே ஒரு கூலிப்படையோடு அலையவிட்டால் வாடகைக்குப் பேரம் பேசிக்கொண்டு கடைசிவரை இருப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் தூது அனுப்புவதை அறவே தடுக்க வேண்டும். வாய்ப்பேச்சில் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று நழுவலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்பிவிட்டால் ரகசியப் பேச்சு என்ற ஒன்றே செத்துப்போகும், கூடவே நட்பும். ஒப்பந்தத்தை நடுவர் அமல்படுத்த மாட்டார். நடுவர் முன் கைமாறிய நெல் மட்டுமே நிச்சயம்.

கணினியில்தான் ஆடுவோம் என்பவர்களுக்கு ஃப்ரீசிவ் இருக்கிறது. 1996இலிருந்து வளர்ந்துவரும் இலவச மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும், உலகத்தைத் தானே வரைந்து கொடுக்கும், இணையம் இல்லாமல் உள்வலையிலும் ஆடலாம். நாளுக்கு ஒரு சுற்று வேண்டுமென்றால் சுற்றின் கால வரம்பான ‘டைம்அவுட்’டை 82,800 வினாடி, அதாவது 23 மணி நேரம், வைப்பது நல்லது. சுற்று முடியும் நேரம் தினமும் ஒரு மணி முன்னால் நகர்வதால் ஒருவருக்கே எப்போதும் அகாலம் வாய்க்காது. இதில் ஒரு திருட்டு வழி உண்டு: சுற்று முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது படையை நகர்த்தி, புதுச் சுற்று பிறந்த அடுத்த நிமிடமே மறுபடி நகர்த்துவது. எதிராளி தூங்கி எழுவதற்குள் இரண்டு அடி விழுந்திருக்கும். ‘யூனிட்வெயிட்டைம்’ அமைப்பில் 36,000 வினாடி வைத்தால் பத்து மணி நேரம் அந்தப் படை அசையாது. விண்வெளிப் பேரரசு கட்டும் ஸ்டெல்லாரிஸ் மாதிரிப் பெரிய கணினி ஆட்டங்களில் தொல்லை வேறு. ஒவ்வொரு கணினியும் முழு உலகத்தையும் தானே கணக்கிடுகிறது. வலையில் போவது கட்டளைகள் மட்டுமே. ஒருவரிடம் பதிப்போ கூடுதல் கோப்போ மாறியிருந்தால் கணக்குகள் பிரிந்து ‘அவுட் ஆஃப் சிங்க்’ வரும், கடைசிச் சேமிப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். வேகமும் இருப்பதிலேயே மெதுவான கணினியின் வேகம்தான். ஆறு பேருக்கு ஆறு வகைப் பழைய கணினி இருக்கும் இடத்தில் சார்ட் பேப்பரே மேல் என்பது எங்கள் கட்சி.

நூலகத் துறையிடம் கேட்பது பெரிதல்ல: விடுமுறை மாதங்களில் மாலை இரண்டு மணி நேரம் ஒரு மேசை, கொஞ்சம் சத்தத்துக்கு அனுமதி, பூட்டுள்ள ஓர் இழுப்பறை. வரைபடத்தைச் சுருட்டி எங்கு வேண்டுமானாலும் சாத்தி வைத்துவிடலாம். ஆறு நாட்டுக் கஜானாவும் ஒவ்வொரு படை நிற்கும் கட்ட எண்ணும் எழுதிய நடுவர் நோட்டுக்குத்தான் அந்தப் பூட்டு. சாவி நூலகரிடம் இருப்பதே நல்லது, நடுவருக்கும் ஏதாவது ஒரு நாட்டில் தம்பி இருப்பான்.

இப்படிக்கு,
ஆட்ட நடுவர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை.