கட்டுரைப் போட்டி போதாது, கூட இருந்து பழக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சுற்றுச்சூழல் தினம் நெருங்கினால் மாணவர் பக்கங்களில் 'மரம் வளர்ப்போம்', 'நெகிழியைத் தவிர்ப்போம்' என்று கட்டுரைகள் வரிசை கட்டி வருகின்றன. எழுதும் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். போட்டி எதைக் கேட்கிறதோ அதைத்தானே கொடுப்பார்கள்! ஆனால் அனுபவமுள்ள செய்தியாளர் ஒருவர் சில மாதங்கள் கூடவே இருந்து பழக்கினால், பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளும் நல்ல சூழல் செய்தி எழுதுவார்கள். பல காலம் செய்தியறையில் வேலை பார்த்து, இப்போது மாணவர்களோடு உட்காருகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

இது புது யோசனையும் அல்ல. சுற்றுச்சூழல் கல்விக்கான சர்வதேச அமைப்பான எஃப்.இ.இ., 'சுற்றுச்சூழலுக்கான இளம் செய்தியாளர்கள்' என்ற திட்டத்தை 1994 முதல் பல நாடுகளில் நடத்திவருகிறது. 11 வயதிலிருந்தே சேரலாம். தங்கள் பகுதிப் பிரச்சினை ஒன்றை விசாரித்து, தீர்வைத் தேடி, கட்டுரையாகவோ படமாகவோ காணொளியாகவோ ஆக்கி, மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்தக் கடைசிப் படிதான் முக்கியம். மார்க் வாங்கியதும் மூடி வைக்கப்போகும் தாளுக்கும், ஊரே படித்துவிட்டுக் கேள்வி கேட்கப்போகும் செய்திக்கும் எழுதுகிறவர் காட்டும் அக்கறை வேறு.

'குளம் மாசடைந்துவிட்டது, மீன்கள் செத்து மிதக்கின்றன' என்று ஒரு மாணவி எழுதி வருகிறாள் என்று வையுங்கள். திருத்திக் கொடுத்தால் மட்டும் போதாது, அவளோடு குளத்துக்குப் போக வேண்டும். மீன்கள் செத்ததை முதலில் பார்த்தது யார், எத்தனை மணிக்கு, எந்தக் கரையில்? பாசியும் நீர்ச்செடிகளும் பகலில் ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீரில் ஆக்சிஜனைக் கூட்டும். இரவில் அவையும் சுவாசித்து அதைக் குறைக்கும். அதனால் பாசி மண்டிய குளத்தில் மீன்கள் பெரும்பாலும் விடியும் நேரத்தில்தான் மூச்சுத்திணறிச் சாகின்றன. மதியம் போய் அளந்தால் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். 'ஆக்சிஜன் குறையவில்லை, அப்படியானால் ஆலைக் கழிவில் இருந்த விஷம்தான்' என்று எழுதிவிடத் தோன்றும். அப்புறம் பழி ஆலை மேல் போகும், பாசிக்குத் தீனி போட்ட சாக்கடையும் வயல் உரமும் தப்பித்துக்கொள்ளும். அளந்த நேரத்தைக் குறித்துக்கொள், விடிகாலையில் இன்னொரு தடவை அள என்று சொல்ல அங்கே ஒரு பெரியவர் இருக்க வேண்டும். வகுப்பறையில் நடத்தும் பாடத்தில் இது வராது.

காற்றின் தரம் காட்டும் மலிவான கருவிகளும் இப்படித்தான், பனிமூட்டத்தில் நீர்த்துளியையும் தூசி என்று எண்ணிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்படுகிறவரிடம் பதில் கேட்காமல் செய்தி போடக் கூடாது என்பதைப் பிள்ளைகள் முதல் நாளே கற்க வேண்டும். ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பில் பெரியவர் கூட இருக்க வேண்டும். கழிவு கொட்டும் இடத்துக்குச் சிறுவர்களைத் தனியே அனுப்பவே கூடாது. பெற்றோர் சம்மதம் வேண்டும். மிரட்டல் வரலாம் என்று தெரிந்தால் எழுதிய பிள்ளையின் பெயரை வெளியிடக் கூடாது. இதற்கெல்லாம் பொறுப்பேற்க முடியாதவர்கள் தயவுசெய்து இந்த வேலைக்கு வர வேண்டாம்.

தங்கள் இதழ் இதைத் தொடங்கலாம். மாதம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு செய்தியாளருக்கு இரண்டு மூன்று மாணவர்கள் போதும். கூட்டம் சேர்த்தால் அது பயிலரங்கமாகிவிடும், யார் எழுதியதையும் வரி வரியாகப் பார்க்க முடியாது. வெளியிட முடியாத செய்திகளையும் ஏன் முடியவில்லை என்று ஓரத்தில் குறித்துத் திருப்பிக் கொடுங்கள். வந்த செய்தியில் தவறு இருந்தால், மற்றச் செய்திகளுக்குப் போடுவது போலவே திருத்தமும் போடுங்கள். பக்கம் தொடங்குவதாக இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் வந்து மாணவர்களோடு உட்கார நான் தயார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்