ஃபைபர் படகுகளுக்கு இரவு விளக்கு: ஞாயிறு காலை வேலை

அனைவருக்கும் வணக்கம்.

ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. 15 முதல் விசைப்படகுகளும் இறங்கிவிடும். விடியலுக்கு முன் டார்ச்சை மட்டும் நம்பிப் போகும் நம் படகு அவர்கள் கண்ணில் படாது. அதற்குள் எல்லாப் படகிலும் விளக்கு ஏறிவிட வேண்டும்.

நாள்: ஜூன் 7, ஞாயிறு, காலை 7 மணி
இடம்: ஏலக்கூடம் பக்கம்

1. படகுக்குள் அணியத்தை (முன்முனையை) பார்த்து நின்றால் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. மாற்றி மாட்டினால் எதிரே வருபவர் நம்மைத் தப்பாகக் கணித்துத் திருப்புவார். விளக்கே இல்லாததைவிட அது மோசம்.

2. வெள்ளை விளக்கு சுற்றிலும் தெரிய வேண்டும், நிற விளக்குகளைவிட 1 மீட்டராவது உயரத்தில். அதற்கு பைப் நீங்களே கொண்டுவாருங்கள். 12 மீட்டருக்குக் குறைந்த படகில் வெள்ளை 2 கடல் மைல், நிற விளக்கு 1 கடல் மைல் தெரிய வேண்டும் என்பது சர்வதேச விதி.

3. 12 வோல்ட் பேட்டரி, ஃப்யூஸ் அவசியம். வயர் முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம். உப்புத்தண்ணீர் இறங்கிச் செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். ஈயம் வைத்துப் பற்றவைப்போம்.

4. திருவிழா சீரியல் பல்பு அழகுதான், கடலில் வேண்டாம்.

5. விளக்கு இருந்தாலும் டார்ச் படகில் இருக்கட்டும்.

விளக்குகளை மொத்தமாக வாங்குகிறோம். வெள்ளிக்கிழமை இரவுக்குள் படகு எண், நீளம், பேட்டரி உண்டா இல்லையா என்று இங்கே எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.