அந்த ஆறு நாளைத் திருப்பிக் கொடுங்கள்: யூசிஐ-க்கு ஒரு திறந்த மடல்

உலக சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐ-யின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஒரு மணி நேரத்தில் ஒருவர் தனியாக எவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்க முடியும் என்பதற்கு நீங்கள் ஒரு சாதனைப் பட்டியல் வைத்திருக்கிறீர்கள். அதில் சில பெயர்களை நீங்களே எடுத்துவிட்டீர்கள். அவற்றைத் திரும்பச் சேர்க்கக் கேட்டுத்தான் இந்த மடல்.

1993 ஜூலை 16, நார்வேயின் ஹாமர். ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீ சாதனைக்கு முயன்று தோற்றார். வேறு யாரும் ஊர் திரும்பியிருப்பார்கள். இவரோ மறுநாள் காலையே மறுபடி ஓட்டுகிறேன் என்றார். கால் இறுகிவிடக் கூடாதே என்று நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். சிறுநீர் முட்டி விழிப்பு வரும்போதெல்லாம் எழுந்து தசைகளை நீட்டி மடக்கினார். விடிந்ததும், வாஷிங் மெஷின் பேரிங் போட்டுத் தானே செய்த சைக்கிளில், கைகளை மார்புக்கடியில் மடக்கிக்கொண்டு 51.596 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினார். நீங்கள் ஏற்றுக்கொண்ட சாதனைதான் அது.

பிறகு 2000-ல், 1984-ல் இத்தாலிக்காரர் மோசர் ஓட்டியது முதல் 1996-ல் இங்கிலாந்துக்காரர் போர்ட்மன் ஓட்டிய 56.375 கிலோமீட்டர் வரை அத்தனையையும் தனிப் பட்டியலில் ஒதுக்கினீர்கள். பிரெஞ்சு வீராங்கனை ஜானி லோங்கோவின் 48.159-க்கும் அதே கதி. 1972-ல் பெல்ஜியக்காரர் எடி மெர்க்ஸ் ஓட்டிய 49.431 மறுபடி சாதனையாயிற்று.

வண்டி ஆளை முந்திவிட்டதோ என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மெர்க்ஸ் ஓட்டியது மட்டும் சாதாரண சைக்கிளா? செயினில்கூட ஓட்டை போட்டு எடை குறைத்த வண்டி, ஆறு கிலோகூடத் தேறாது. நீங்கள் பின்னாளில் விதித்த 6.8 கிலோ வரம்புக்கு அதுவே நிற்காது. மெக்சிகோ சிட்டிக்குப் போனதும் அங்கே காற்று லேசாக இருக்கும் என்றுதான். அதே பழைய பாணி வண்டியில் 2000 அக்டோபரில் போர்ட்மன் மான்செஸ்டரில் 49.441 ஓட்டினார். பத்தே மீட்டர் அதிகம்! இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

2014-ல் பந்தயத் தடத்தில் ஓட்டும் நவீன டிராக் சைக்கிள்களை மீண்டும் அனுமதித்தீர்கள். அப்போதாவது பழைய பெயர்கள் திரும்பியிருக்க வேண்டாமா? அந்த செப்டம்பரில் ஜெர்மானியர் யென்ஸ் ஃபோய்க்ட் ஓட்டிய 51.110 உலக சாதனையானது. அதைவிட 486 மீட்டர் கூடுதலாக ஓப்ரீ ஓட்டி 21 வருடம் ஆகியிருந்தது. ஃபோய்க்ட் மேல் எந்தத் தப்பும் இல்லை. தாண்டச் சொல்லி அவருக்கு நீங்கள் வைத்த தூரமே, பழைய பாணி வண்டியில் 2005-ல் சோசென்கா ஓட்டிய 49.700-தான். போர்ட்மனின் 56.375-ஐ நிஜமாகவே தாண்ட, 2022-ல் இத்தாலிக்காரர் ஃபிலிப்போ கன்னா 56.792 ஓட்ட வேண்டியிருந்தது. அதுவும் 3டி பிரிண்டரில் உருவான சைக்கிளில்.

விதியை மாற்றுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அது இனிமேல் ஓட்டுபவர்களுக்கு இருக்கட்டும். அன்றைய விதிப்படி ஓட்டி முடித்தவரின் பெயரைப் பிறகு வந்த விதி அழிக்கக் கூடாது. எல்லாத் தூரத்தையும் ஒரே பட்டியலில் போட்டு, எந்த விதி, என்ன வண்டி, எந்த ஊர், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். படிப்பவர்கள் தாங்களே எடைபோட்டுக்கொள்வார்கள்.

1993 ஜூலை 17-க்கு நேராக ஓப்ரீயின் பெயரை முதலில் எழுதுங்கள். ஆறே நாளில், 23-ஆம் தேதி, பிரான்ஸின் போர்தோவில் போர்ட்மன் அந்தச் சாதனையைத் தட்டிக்கொண்டு போனார். அந்த ஆறு நாள் ஓப்ரீயுடையது.

இப்படிக்கு,
தினமும் சைக்கிள் மிதிக்கும் ஒரு ரசிகன்