மனுவைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன்

பாப்பாவுக்கு,

தம்பியை இழந்த பிறகு, அரசு மருத்துவமனைகளின் மனநலச் சிகிச்சையைச் சரிசெய்யச் சொல்லி நீ எழுதி அனுப்பிய மனுவை இரண்டு முறை படித்தேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது. சிக்கலும் அதுதான். மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் தம்பியே இருக்கிறான்; கோரிக்கை கடைசிப் பத்தியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. தம்பிக்கு இரண்டு வரி போதும்: வயது, டிஸ்சார்ஜ் ஆன தேதி, அடுத்து வரச்சொன்ன தேதி, இறந்த தேதி. தேதிகளை அடுத்தடுத்து எழுதினாலே படிப்பவருக்குப் புரியும்.

அவன் தன் உயிரை எப்படி மாய்த்துக்கொண்டான் என்ற பகுதியை முழுக்க அடித்துவிட்டேன். பத்திரிகைக்காரர்கள் கேட்டாலும் சொல்லாதே. முறையை விவரிப்பதும், இந்த ஒரே காரணத்தால்தான் என்று சுருக்குவதும் அதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளையைப் பாதிக்கும். இந்தியப் பிரஸ் கவுன்சில் 2019-ல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. செய்தி போட்டால் கீழே உதவி எண்கள் இரண்டையும் போடச் சொல்: டெலி மானஸ் என்ற தேசிய மனநல உதவி எண் 14416, மாநில எண் 104.

'தனி மனநல மருத்துவமனை வேண்டும்' என்ற வரியையும் எடுத்துவிட்டேன். கட்டடம் கேட்டால் 'கருத்துரு அரசுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு கடிதம் வரும், அதோடு சரி. மாவட்ட மனநலத் திட்டம் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 1996-ல் நாட்டிலேயே முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இருக்கிற திட்டம் எந்த இடத்தில் ஓட்டையாக இருக்கிறதோ, அங்கே விரலை வை.

முதல் ஓட்டை ஓ.பி. சீட்டு. மனநல வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்தான், அதிலும் முதல் வாரம், ஆபத்து அதிகமான காலம். அடுத்து வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சீட்டு நோயாளியிடம் போய்விடுகிறது. அந்தத் தேதி மருத்துவமனைப் பக்கம் தனியாக எழுதப்படவில்லை என்றால், அவர் வராதது யாருக்கும் தெரியாது. வந்தவர்களை எண்ண ரெஜிஸ்டர் இருக்கும், வராதவர்களை எண்ண இருக்காது. நாம் கேட்பது நாளுக்கு ஒரு பக்கம் என்று ஒரு நோட்டு. அன்று வரவேண்டியவர் பெயர், போன், வராவிட்டால் மறுநாள் அழைத்தவர் கையெழுத்து. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு 7 நாளுக்குள் சமூகப் பணியாளரோ செவிலியரோ ஒரு முறை பேசவேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 98 டிஸ்சார்ஜ் திட்டமிடலைப் பற்றிப் பேசுகிறது. அதை மேற்கோள் காட்டு.

இரண்டாவது மருந்து கவுண்டர். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே எல்லா அரசு நிலையங்களிலும் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 18(10). 'எந்நேரமும்' என்ற சொல்லை அடிக்கோடிடு. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்புவதோடு தற்கொலை அபாயமும் கூடும். 'அடுத்த வாரம் வாங்க' என்பது சாதாரணப் பதில் இல்லை. ஆனால் 'மருந்து இல்லை' என்று மட்டும் எழுதாதே. அலமாரி காலியாக இருக்க இரண்டு காரணம் உண்டு: மருத்துவமனை இண்டெண்ட் (மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) போடவே இல்லை, அல்லது போட்டும், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து தரும் மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கில் சரக்கு இல்லை. பதில் சொல்லவேண்டியவர் ஒவ்வொன்றுக்கும் வேறு. இண்டெண்ட் நகலும் இருப்புப் பதிவேட்டு நகலும் சேர்ந்து கிடைத்தால்தான் யாரைக் கேட்பது என்று தெரியும். (சிலருக்கு டாக்டரே வேண்டுமென்று சில நாள் மருந்துதான் கொடுப்பார், பாதுகாப்புக்காக. அதைக் குறையாக எழுதிவிடாதே.)

அந்த நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. 'ஏன் டாக்டர் வரவில்லை' என்று கேட்டால் விளக்கம் தரவேண்டியதில்லை என்று திருப்பிவிடுவார்கள். வருகைப் பதிவேடு கேட்டால் தனிநபர் தகவல் என்பார்கள். அதனால் இப்படிக் கேள்: மாவட்ட மனநலக் குழு எந்தத் தேதியில் எந்த நிலையத்துக்குப் போகும் என்ற மாதாந்திரப் பயணத் திட்ட நகல், ஒவ்வொரு நிலையத்திலும் தேதிவாரியாகப் பார்த்த மனநலப் புறநோயாளிகள் எண்ணிக்கை. திட்டத்தில் தேதி இருந்து எண்ணிக்கை பூஜ்யம் என்றால் வேறு கேள்வியே தேவையில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை என்பதையும் சேர். மக்கள்தொகைக்கு ஏற்ற அளவு மனநலப் பணியாளர்களை எட்ட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 31 தந்த பத்து வருடக் கெடு 2028 மே மாதம் முடிகிறது. தகவல் கேட்டதற்குப் பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

முகவரியைத் தவறவிடாதே. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டீன், மாவட்டத் தலைமை மற்றும் தாலுகா மருத்துவமனைக்கு நலப்பணிகள் இணை இயக்குநர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பொது சுகாதாரத் துறை. மூன்றும் வேறு வேறு இயக்குநரகம். ஒருவருக்கு எழுதினால் 'எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். மூவருக்கும் தனித்தனித் தாள், அந்தந்த இடத்துக் கோரிக்கை மட்டும்.

இன்னொன்று, இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. சேவைக் குறைபாடு பற்றி மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 28-ல் புகார் செய்யும் உரிமை நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும்தான். அந்தப் பட்டியலில் நீயும் நானும் இனி இல்லை. இன்றைக்கும் கவுண்டரில் நிற்கிற குடும்பங்கள்தான் கையெழுத்துப் போடவேண்டும். முதலில் நிலையப் பொறுப்பு மருத்துவரிடம், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்திடம். அவர்கள் மருந்துச் சீட்டின் நகலைப் பொது மனுவோடு இணைக்காதே; நோயின் பெயர் ஊருக்குத் தெரிந்துவிடும்.

லீவில் வரும்போது திங்கட்கிழமை இருக்கும்படி டிக்கெட் போடு, குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுக்கலாம். மனு எண் போட்ட ரசீது வாங்காமல் வரிசையை விட்டு நகராதே. அக்டோபர் 2 கிராம சபைக்கான தீர்மானத்தை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் அந்த நோட்டு விஷயம் மட்டும்தான்.

அப்பா