ஜஸ்டின் பிளேனிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜஸ்டின் பிளேனி அவர்களுக்கு,

உங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இதையே நான் ஆங்கிலத்தில் எழுதினால் வேலைக்கு விண்ணப்பம் போட்டது போல வந்துவிடுகிறது. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

போன குளிர்காலத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு புளோர் வீதியில் இருக்கும் வார்சிட்டி அரீனாவுக்குப் போனேன். ரொறன்ரோ பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் ஐஸ் ஹொக்கி ஆட்டம். 1926 இல் திறந்த பழைய கட்டடம். சனம் அதிகமில்லை. அதனால் ஸ்கேட் பனியைக் கீறுவதும், பக் என்கிற ரப்பர் வட்டு ஓரப் பலகையில் போய் அடிப்பதும், ஒருத்தி மற்றவளைப் பெயர் சொல்லிக் கத்துவதும் அப்படியே காதில் விழுந்தன. இடைவேளையில் பனியை மட்டமாக்கும் சம்போனி வண்டி சுற்றிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள், "அம்மா, இந்த டீம் எவ்வளவு காலமா இருக்கு?" நூறு வருடத்துக்கும் மேல் என்று சொல்லிவிட்டு, உங்கள் கதையைத் தொடங்கினேன்.

உங்கள் பெயரைச் சொன்னால் எல்லோரும் அந்த வழக்கைத்தான் சொல்வார்கள். 1985 இல் உங்களுக்கு 12 வயது. திறமையைக் காட்டி ஆண்பிள்ளைகள் ஹொக்கி அணியில் இடம்பிடித்தீர்கள். பெண்பிள்ளை என்பதற்காக ஒன்ராறியோ ஹொக்கிச் சங்கம் உங்களை ஆட விட மறுத்தது. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்திலேயே, விளையாட்டில் மட்டும் ஆண் பெண் பேதம் பார்க்கலாம் என்று ஒரு பிரிவு இருந்ததாம்! 1986 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவை வெட்டி எறிந்தது. அப்போதும் உங்களை உடனே ஆட விடவில்லை. 1987 டிசம்பரில் மனித உரிமை விசாரணையிலும் வென்ற பிறகுதான் வழி பிறந்தது. 12 வயதில் கேட்டது 14 வயதில் கிடைத்தது. வளரும் பிள்ளைக்கு அது எவ்வளவு நீண்ட காலம் என்பது என் மகளின் ஸ்கேட் சப்பாத்து அளவு மாறுகிற வேகத்தில் எனக்குத் தெரியும்.

அப்போது உங்களை எதிர்த்தவர்களில் மாகாணப் பெண்கள் ஹொக்கிச் சங்கமும் இருந்தது. கெட்டிக்காரிகள் எல்லாம் ஆண்கள் அணிக்குப் போய்விட்டால், பாடுபட்டுக் கட்டிய பெண்கள் ஹொக்கி காலியாகிவிடும் என்று பயந்தார்கள். முதலில் வாசித்தபோது கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், அந்தப் பயம் முழுப் பிழையும் இல்லை. மைதானத்தில் ஒரு மணித்தியால ஐஸ் கிடைக்கவே அல்லாடியவர்களுக்கு, இருக்கிற நாலு நல்ல ஆட்டக்காரிகளும் போனால் என்ன மிஞ்சும்?

அதற்கு நீங்கள் பதில் சொன்னது 1993 இல் என்று நினைக்கிறேன். அப்போது நீங்கள் ரொறன்ரோ பல்கலைக்கழக அணியில். காசு இல்லை, பெண்கள் ஹொக்கி அணியை நிறுத்தலாம் என்று பரிந்துரை வந்தது. தோற்றுக்கொண்டிருந்த அணி என்றால்கூடப் பரவாயில்லை என்று விடலாம். ஆனால் அது மாகாணப் பட்டங்களை வாரிக் குவித்த அணி. பெண்கள் ஐஸ் ஹொக்கியை ஒலிம்பிக்கில் சேர்ப்பது என்று முடிவாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இதைவிடப் பொருத்தமில்லாத நேரம் இருந்திருக்க முடியாது.

இந்த முறை நீங்கள் வழக்குப் போடவில்லை. பெண் என்பதற்காகத் தள்ளாதே என்று நீதிமன்றம் சொல்லலாம். இந்தப் பெண்களுக்கு ஐஸ் வாடகையைக் கட்டு, பேருந்துக் காசு கொடு என்று எந்த நீதிபதி சொல்லுவார்? நீங்கள் தொலைபேசியை எடுத்தீர்கள். முன்னாள் ஆட்டக்காரிகளைக் கூப்பிட்டீர்கள், அரசியல்வாதிகளைக் கூப்பிட்டீர்கள், பணம் சேர்த்தீர்கள். அணி தப்பியது.

அப்புறம் ஜெய்னா ஹெஃபர்ட் அந்த அணிக்கு வந்தார். 2002 ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில், இரண்டாம் பகுதி முடிய ஒரு வினாடி இருக்கையில் கனடாவுக்காகக் கோல் போட்டாரே, அவர்தான். ஆண்களுக்கு 1963 இலிருந்து நடந்துவந்த பல்கலைக்கழகங்களின் தேசியப் போட்டி பெண்களுக்கு 1998 இல்தான் ஆரம்பித்தது. 2001 இல் அந்தக் கிண்ணம் ரொறன்ரோவுக்கு வந்தது.

வழக்கைப் பற்றித்தான் எங்கும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அந்தத் தொலைபேசி அழைப்புகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. ஒருவேளை நானும் மகளின் அணிக்காக வீடு வீடாகச் சொக்லேட் விற்றுப் பார்த்ததாலாக இருக்கலாம். ஒரு வாசலில் நின்று காசு கேட்பது எவ்வளவு கூச்சம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒன்றே ஒன்று கேட்க ஆசை. 1993 இல் நீங்கள் கூப்பிட்ட ஆட்களில், 1985 இல் உங்களை எதிர்த்த பெண்கள் யாராவது இருந்தார்களா? எடுத்துப் பேசினார்களா?

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு ஹொக்கி அம்மா